வாங்குறவன் வெளிச்சம்

அம்பத்தெட்டு வயசுல ஒரு மனுசன் காலையில உள்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, தன்னைத் தானே போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தா வீட்டுக்காரி என்ன நெனப்பா? என் வீட்டுக்காரி நெனச்சதை வாய்விட்டே கேட்டுட்டா.

"ஏங்க, ரெண்டாம் கல்யாணத்துக்குப் படம் ஏதும் அனுப்பணுமா? சொன்னா நல்ல சட்டையா எடுத்துத் தர்றேன்ல?"

எனக்கு உள்ள சிரிப்பு வந்துச்சு. மூஞ்சியில வரல. அன்னிக்கு இருந்த சங்கடமே அதான், அதைச் சொல்லத்தான் இதை எழுதுறேன்.

நான் போடியில ஏலக்காய் வாங்குற ஆளு. சொந்தக் கடை கிடையாது. ஒரு வியாபாரிக்காக ஏலத்துல உக்காந்து சரக்கு பாத்து எடுத்துக் குடுக்கிறது என் சோலி. முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. மலையில இருந்து வர்ற காய் மூட்டை மூட்டையா ஏலக்கூடத்துக்கு வந்துரும். ஒவ்வொரு லாட்டுலயும் கொஞ்சம் காயை அள்ளிச் சின்னத் தட்டுல போட்டு, உக்காந்திருக்கிற வியாபாரிங்ககிட்ட வரிசையா நகத்துவாங்க. தட்டு கைக்கு வந்ததும் நெறம் பாக்கணும், ஒரு காயை நகத்தால கீறி மோந்து பாக்கணும், பக்கத்து ஆளுக்குத் தள்ளணும். பாக்கப் போனா ஒரு நிமிசச் சோலிதான். ஆனா அந்த ஒரு நிமிசத்துல கூடத்துல இருக்கிற அம்புட்டுப் பேரும் காயைப் பாதி பாப்பான், அடுத்தவன் மூஞ்சியப் பாதி பாப்பான். என் புருவம் ஒரு நூல் மேல ஏறுனா போச்சு. "பாய்க்குப் புடிச்சிருச்சுடா"ன்னு நாலு பேரு கூட நின்னு மோதுவான், சரக்கு கைய விட்டுப் போயிரும். இப்ப ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து பட்டனைத் தட்டுறோம். இருந்தாலும் ஒரே கூடத்துலதான உக்காருறோம், கண்ணு இருக்குல்ல.

சோலிக்கு வந்த புதுசுல நான் எல்லாத்தையும் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டி வச்சிருப்பேன். நல்ல காய் கைக்கு வந்தா பல்லெல்லாம் தெரியும். "உன்னையக் கூட்டிட்டுப் போறதுக்கு மைக்குல சொல்லிட்டு வரலாம்டா"ன்னு முதலாளி எல்லார் முன்னாலயும் ஏசுனாரு. ரோசம் வந்துருச்சு. அன்னிலேருந்து பழகுனேன். நாக்கைக் கொண்டுபோயி மேல் அண்ணத்துல ஒட்டி வச்சுக்கணும், அப்பத் தாடை அசையாது. கண்ணைத் தட்டு மேல வைக்கக் கூடாது, தட்டுக்கு ஒரு சாண் அங்கிட்டு வைக்கணும், அப்பக் கண்ணு விரியாது. காயோட வாசம் மண்டைக்குள்ள ஏறுறப்ப, கடவாப்பல்லு புடுங்குன நாளை நெனச்சுக்குவேன். ரெண்டு மூணு வருசத்துல, "பாய் மூஞ்சிக்குப் பூட்டுப் போட்டுட்டாருப்பா"ன்னு ஏலக்கூடத்துலயே பேச ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு அது பெருமையா இருந்துச்சு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், தெருவுல நெஞ்சை நிமித்தி நடந்தேன்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பூட்டைக் கழட்டத் தெரியல. "கொழம்புல உப்பு சரியா இருக்கா இல்லையான்னு உங்க மூஞ்சியப் பாத்து ஒரு நாளாச்சும் கண்டுபுடிச்சிருக்கேனா நான்?"ன்னு வீட்டுக்காரி கேப்பா. கேலின்னு நெனச்சுக்கிட்டுத் தட்டைக் கழுவிட்டுப் போயிருவேன்.

எங்களுக்கு ஒரே மக. அவளுக்கு மாப்பிள்ளை பாத்த லட்சணத்தைக் கேளுங்க. ஏலக்கூடத்துக்குக் கம்பத்துல இருந்து ஒரு பையன் வருவான், எங்க ஆளுங்கதான், நல்ல குடும்பம். ஒரு நாள் அருமையான லாட்டு ஒண்ணு வந்துச்சு. பச்சைன்னா அப்பிடி ஒரு பச்சை. இம்புட்டு வருசம் பழகுன எனக்கே உள்ள துள்ளுது. தட்டு அந்தப் பையன் கைக்குப் போச்சு. பாத்தான், மோந்தான், தள்ளிட்டான். ஒரு ரோமம் அசையல. கடைசில பாத்தா அந்த லாட்டை எடுத்ததே அவன்தான். அன்னிக்குச் சாயங்காலமே வீட்டுல சொல்லிட்டேன், மாப்பிள்ளை கிடைச்சிட்டாருன்னு.

"பையன் சிரிப்பானா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா வீட்டுக்காரி.

"சிரிச்சு என்ன ஆகப்போகுது? நெதானமான ஆளு"ன்னேன்.

காய் வாங்கத் தெரிஞ்சவன் பொண்டாட்டிகூட வாழவும் தெரிஞ்சவனா இருப்பான்னு எந்தக் கிறுக்கனாச்சும் நெனப்பானா? நெனச்சேன்.

நாலு வருசம் போச்சு. போன வருசம் ஒரு நாள் காலையில, தேவாரம் வழியா வர்ற பஸ்சுல மக வந்து எறங்குனா. கையில ஒரு பை. வீட்டுக்காரி ராசிங்காபுரத்துல ஒரு விசேச வீட்டுக்குப் போயிருந்தா, நான் மட்டும் ஏலத்துக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தேன். உள்ரூம்ல ஜன்னலோரம் ஒரு மர நாற்காலி கெடக்கும், அதுல உக்காந்திருந்தேன். அவ எதுக்கால கட்டில் ஓரத்துல வந்து உக்காந்தா. பையைக் கீழ வைக்கல, மடியிலேயே வச்சுக்கிட்டா.

"அத்தா, நான் இனி அங்க போகல"ன்னா. எங்க வீட்டுப் பிள்ளைங்க அப்பாவை 'அத்தா'ன்னுதான் கூப்பிடும். "அவரு அடிக்கல, திட்டல. ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா நாலு வருசமா எங்கிட்டப் பேசுன பேச்சை அள்ளிப் போட்டா ஒரு டம்ளர் நெறையாது. சோறு வச்சாத் திங்கிறாரு, நல்லாருக்கா இல்லையான்னு மூஞ்சியில தெரியாது. காய்ச்சல்ல கெடந்தேன், வாசப்படியில நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு. நான் அழுதாலும் அதே மூஞ்சி, சிரிச்சாலும் அதே மூஞ்சி. அந்த வீட்டுல நான் இருக்கேனா செத்துட்டேனான்னு எனக்கே சந்தேகமா இருக்குத்தா."

எனக்கு எந்திரிச்சுப் போயி அவ தலையைப் புடிச்சு நெஞ்சோட வச்சுக்கணும்னு இருந்துச்சு, அல்லா மேல ஆணையாச் சொல்றேன். ஆனா மண்டை இன்னொரு பக்கம் ஓடுது. சம்பந்தி வீட்டுல என்ன பேசணும், ஜமாத்துல யாரைப் பாக்கணும், நம்ம அவசரத்தைக் காட்டுனா அவங்க எப்பிடி எடுத்துக்குவாங்க. பெரிய சரக்கு கைக்கு வர்றப்ப என்ன செய்வேனோ, அதையே என் ஒடம்பு செஞ்சுச்சு. நாக்கு தானாப் போயி அண்ணத்துல ஒட்டிக்கிச்சு.

"சரி. சாப்பிட்டியா?"ன்னேன்.

அவ என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா.

"நீங்க ஒண்ணும் சொல்லலையேத்தா."

"பாக்கலாம்மா. ஏலத்துக்கு நேரமாச்சு. வந்து பேசுவோம்."

வெரசாத்தான் வந்தேன். மத்தியானம் ரெண்டரைக்கெல்லாம் வீட்டுல இருந்தேன். சாவி பக்கத்து வீட்டுல இருந்துச்சு. உள்ள சோறு வடிச்சு, ரசம் வச்சு, தட்டுப் போட்டு மூடி வச்சிருந்தா. பையைக் காணோம், ஆளையும் காணோம். பதறிப்போயி போன் அடிச்சேன். பஸ்சுச் சத்தத்துக்கு நடுவுல அவ நெதானமாத்தான் பேசுனா.

"அங்க ஒரு மூஞ்சி, இங்க ஒரு மூஞ்சி. ரெண்டும் ஒண்ணுதான்னா, கட்டிக்குடுத்த வீட்டுலயே கெடந்துட்டுப் போறேன். நீங்க மனசைப் போட்டுக் கொழப்பிக்காதீங்கத்தா."

அதுக்கப்புறம் எட்டு மாசம். வீட்டுக்காரி என்னையத் திட்டாத திட்டு இல்ல. அவளும் மககிட்ட வா வான்னு கூப்பிட்டுப் பாத்தா. "அத்தாவுக்கு மனசு இல்லாத வீட்டுல நான் வந்து எப்பிடிம்மா உக்காருவேன்?"ன்னு ஒரே பதில். நான் கம்பத்துக்கே போனேன். மாமியா, நாத்தனா எல்லாம் சுத்தி நிக்க, மக டீ கொண்டாந்து வச்சுட்டு "நல்லாருக்கேன்த்தா"ன்னா. கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்துச்சு. மாப்பிள்ளை எதுக்கால உக்காந்து என்னையப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன். ரெண்டு பேரும் ஏலத்துல உக்காந்த மாதிரிதான் உக்காந்திருந்தோம். டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

வீடியோ கால் போட்டுப் பாத்தேன். "வந்துரும்மா, இது உன் வீடு"ன்னு வாய் நல்லாத்தான் சொல்லுது. ஆனா போன்ல மூலையில சின்னக் கட்டத்துல என் மூஞ்சி தெரியுது பாருங்க, அது எவனோ சொல்றதை எவனோ கேக்குற மாதிரி உக்காந்திருக்கு. அவ கண்ணு என் மேல பட்டாலே நாக்கு மேல போயிருது. "விலை பேசுற மாதிரியே கூப்பிடுறீங்கத்தா"ன்னுட்டு வச்சுட்டா. அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. யார் மேலன்னு கேட்டா, என் மூஞ்சி மேலதான்.

ஒரு நாள் சாப்பிடுறப்ப வீட்டுக்காரி சொன்னா. "தொழுதுட்டு துவா கேக்குறப்ப உங்க மூஞ்சியப் பாத்திருக்கேன். கதவு இடுக்கு வழியா. அப்ப நல்லாத்தான் இருக்கு. கண்ணுல தண்ணி ஓடும், மூக்கு செவக்கும், ஒதடெல்லாம் கோணும். யாரும் பாக்கலைன்னா மட்டும் மனுசனா இருக்கீங்க. அந்த மூஞ்சிய எம்புள்ளைக்குக் காட்டுங்களேன்."

சோத்துல கைய வச்சபடியே உக்காந்துட்டேன். யாரும் பாக்காதப்ப. சரி, போன் ஆளு இல்லையே? அதுக்குக் கண்ணு இருக்கு, ஆனா அது ஆளு இல்ல. டைமர் போட்டு வச்சுட்டு உக்காந்தா, படம் எடுக்கிறவன்னு ஒருத்தன் கெடையாது. அறையில நான் மட்டும்தான்.

எங்க வீட்டுச் சுவத்துல ஆள் படம் மாட்டுற வழக்கம் இல்ல. அதனால என் மூஞ்சிய நான் உக்காந்து பாத்ததே கெடையாது. அன்னிக்கு போன்ல இருந்ததெல்லாம் தேடி எடுத்துப் பாத்தேன். ஆதார் அட்டைப் படம், ஏலக்கூடத்து அடையாள அட்டைப் படம், மக நிக்காஹ் அன்னிக்கு எடுத்தது. மூணுலயும் ஒரே மூஞ்சி. மகளைக் கட்டிக் குடுக்கிற அன்னிக்கும் காய் வாங்குற மூஞ்சியோட நின்னிருக்கேன், பாவி.

வெளிச்சத்தைப் பத்தி எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம்னு ஒரு மெதப்பு இருந்துச்சு. இப்பெல்லாம் வடக்க இருக்கிற பார்ட்டிங்களுக்குக் காயைப் போட்டோ எடுத்துத்தான் அனுப்புறோம். அதுல நான் கெட்டிக்காரன். நேர் வெயில்ல வச்சா பச்சை வெளுத்துப்போகும். டியூப்லைட்டுக்கு அடியில வச்சா இல்லாத பச்சை வந்து உக்காந்துக்கும், அப்புறம் சரக்கு போயிச் சேந்ததும் சண்டைதான். வடக்குப் பக்கத்து ஜன்னல், காலையில ஒம்பது மணிலேருந்து பதினொண்ணு வரைக்கும். ஜன்னலைப் பாத்தாப்புல தட்டை வைக்கணும், சுத்தி வெள்ளைத் துணி போடணும். ஒரு காய்ல கூட நெழல் விழாது. எல்லாம் குண்டு குண்டா, பளபளன்னு தெரியும்.

அப்பிடியேதான் என்னையும் வச்சேன். நாற்காலியை ஜன்னலுக்கு நேராத் திருப்பிப் போட்டேன். ஜன்னல் கம்பியில துணி மாட்டுற கிளிப்பால போனைக் கவ்வ வச்சேன். ரெண்டு பக்கமும் வெள்ளை வேட்டி கட்டுனேன். தாடைக்கு அடியில நெழல் விழாம இருக்க, டிவி வாங்குன பெட்டியில இருந்த தெர்மாகோலை மடியில வச்சுக்கிட்டேன். பட்டனை அமுக்குனா பத்து எண்ணுறதுக்குள்ள ஓடிப்போயி உக்காரணும். மொத நாள் முழங்காலை இடிச்சுக்கிட்டதுதான் மிச்சம். படத்தைப் பாத்தா ரேசன் கார்டுக்கு எடுத்த மாதிரி இருக்கு. தோசைக்கல்லுல மாவை ஊத்துன மாதிரி ஒரு மூஞ்சி. அழுத மூஞ்சி வரட்டும்னு ஒதட்டைக் கோணுனேன். "பல்லு வலியா?"ன்னா வீட்டுக்காரி. பாசமாப் பாக்குற மாதிரி கண்ணைச் சாய்ச்சு ஒண்ணு எடுத்தேன். அதைப் பாத்துட்டு அவ சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுல இருந்து எட்டிப் பாத்துட்டாங்க. ஒரு வாரம் இப்பிடியே. எடுக்கிறதும் அழிக்கிறதும். தனியா இருக்கேன், யாரும் பாக்கல, ஆனாலும் பூட்டு திறக்கல. இந்த ஜென்மத்துல எனக்கு இம்புட்டுத்தான்னு விட்டுறலாம்னு தோணுச்சு. அப்பெல்லாம் மகளோட ஒட்டிப்போன கன்னம் கண்ணு முன்னால வந்து நிக்கும். மறுநாளும் போய் உக்காருவேன்.

அந்த வாரக் கடைசில மேல போக வேண்டியதாப்போச்சு. போடிமெட்டுக்கு அங்கிட்டு ஒரு எஸ்டேட்டுல காய் உலத்துற ஸ்டோருக்குச் சரக்கு பாக்க ஜீப்புல போனேன். எஸ்டேட்டுக்காரரு மலையாளி, தட்டைக் கொண்டாந்து ஜன்னலுக்கு நேரா வச்சாரு. காய் பளபளன்னு இருக்கு, ஒரு சுருக்கம் தெரியல. நான் எப்பவும் செய்யிறதைச் செஞ்சேன். தட்டைத் தூக்கி, ஜன்னலுக்குப் பக்கவாட்டுல நின்னு, வெளிச்சம் ஒரு ஓரத்துல இருந்து மட்டும் விழுற மாதிரி சாய்ச்சுப் பிடிச்சேன். அம்புட்டுத்தான். எந்தக் காய் சுருங்கியிருக்கு, எது வாய் பொளந்திருக்கு, எது உள்ள சத்தில்லாம ஒட்டிக் கெடக்கு, எல்லாம் நெழல் கட்டி எந்திரிச்சு நிக்குது.

"எந்தா பாய், நம்மள விசுவாசம் இல்லையா?"ன்னு அவரு சிரிச்சாரு.

"விக்கிறவன் வெளிச்சம் வேற, வாங்குறவன் வெளிச்சம் வேறண்ணே"ன்னேன். ஏலக்காய்க்காரன் எல்லாரும் பேசுற பேச்சுதான், நானும் நூறு தடவை சொல்லியிருப்பேன். அன்னிக்கு ஜீப்பு கொண்டை ஊசி வளைவுல எறங்கிக்கிட்டு இருக்கிறப்பதான் ஒறைச்சுச்சு. அட முட்டாப்பயலே, ஒரு வாரமா உன்னைய நீயே விக்கிற வெளிச்சத்துல வச்சிருக்கியேடா! எம்பது வேட்டி கட்டுனாலும் அதுல என்ன தெரியும்? அவளுக்கு விக்கவா போற? அவ உன்னையச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாக்கட்டும்டா.

மறுநாள் காலையில வேட்டியெல்லாம் அவுத்தேன். தெர்மாகோலைக் கட்டிலுக்கடியில தள்ளுனேன். ஜன்னல்ல ஒரு கதவைச் சாத்தி, ஒண்ணை மட்டும் தெறந்து வச்சேன். நாற்காலியைப் பழையபடி போட்டேன், ஜன்னல் எனக்கு எடது கைப்பக்கம் வர்ற மாதிரி. வலது பக்கம் வெள்ளைச் சுவரு, அதுல பட்டு வெளிச்சம் திரும்பி வருது. அதைக் கொல்லணும். கறுப்பா ஏதாச்சும் வேணும். கொடியில வீட்டுக்காரியோட புர்கா தொங்குச்சு, எடுத்துச் சுவத்து ஆணியில மாட்டிட்டேன். நாற்காலியில உக்காந்து கையில போனை வச்சு ஒண்ணு எடுத்துப் பாத்தேன். கன்னத்துக் குழி, கண்ணுக்குக் கீழ இருக்கிற பை, நெத்திக் கோடு எல்லாம் வந்துருச்சு. பாதி மூஞ்சி இருட்டுல, பாதி வெளிச்சத்துல. ஆளு மாதிரி இருந்துச்சு.

இனி போனை வைக்க எடம் வேணும். ஜன்னல் கம்பி ஆகாது, எதுக்கால வைக்கணும். கட்டில் ஓரத்துல ஏலக்காய் சாம்பிள் டப்பா நாலை அடுக்கி அது மேல போனைச் சாத்துனேன். சாத்திட்டு நிமிந்து பாத்தேன். அதே நாற்காலி. அதே ஜன்னல். மணி ஏறக்குறைய அதே மணி. போன் இருந்த எடத்துலதான் அன்னிக்கு மக உக்காந்திருந்தா. போனோட கண்ணு அவ கண்ணு இருந்த உசரத்துல இருக்கு.

ஏன் செஞ்சேன்னு தெரியல. அழுகிற படம் எடுக்க வந்தவன், அதை விட்டுட்டு, அன்னிக்கு வச்சிருந்த மூஞ்சியையே வச்சேன். நாக்கை அண்ணத்துல ஒட்டுனேன். கண்ணை அன்னிக்கு எங்க வச்சிருந்தேனோ அங்க வச்சேன். பத்து எண்ணி முடிஞ்சு டிக்குன்னு சத்தம் வந்துச்சு.

போயி எடுத்துப் பாத்தேன். எட்டு மாசத்துக்கு முன்னால எம்மக பாத்ததை அன்னிக்குத்தான் நான் பாத்தேன். வெளிச்சத்துல இருக்கிற அந்த ஒரு கண்ணு இருக்குல்ல, அது எதுக்க இருக்கிறவளைப் பாக்கல. ஒரு சாண் தள்ளி, அவ தோளுக்கு அங்கிட்டு, சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு. வேண்டாம்னு தள்ளிவிடப் போற தட்டைப் பாக்கிற பார்வை அது. முப்பது வருசம் பழகுன வித்தை. பையை மடியில வச்சுக்கிட்டு, கட்டிக்குடுத்த வீட்டை விட்டுட்டு வந்து நிக்கிற புள்ளையை அப்பிடிப் பாத்திருக்கேன்.

அழுதேன். வாய்விட்டு அழுதேன். கட்டில் காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்து, சின்னப்புள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதேன். அப்புறம் எந்திரிச்சுப் போனைத் திரும்ப டப்பா மேல சாத்தி, பட்டனை அமுக்கிட்டு வந்து நாற்காலியில உக்காந்தேன். அதெல்லாம் நடிப்பில்லையான்னு நீங்க கேக்கலாம். போனைச் சாத்துனது கணக்குதான், ஒத்துக்கிறேன். அழுகை கணக்கில்ல. போனோட கண்ணை நேராப் பாத்தேன். ஒரு சாண் தள்ளிப் பாக்கல. "வந்துரு தாயி"ன்னு அதுகிட்டச் சொன்னேன். டிக்குன்னுச்சு.

சத்தம் கேட்டு வீட்டுக்காரி கதவைத் தள்ளிக்கிட்டு வந்தா. போனை வாங்கி ரெண்டு படத்தையும் பாத்தா. ரெண்டாவதை ரொம்ப நேரம் பாத்தா. மூக்கு செவந்திருக்கு, ஒதடு கோணியிருக்கு, ஒரு பக்கத்துக் கன்னத்துல தண்ணி வழியிறது ஜன்னல் வெளிச்சத்துல மின்னுது. எழவு வீட்டுல எடுத்த படம் மாதிரிதான் இருந்துச்சு. முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, "இதை அனுப்புங்க"ன்னா. சுவத்தைத் திரும்பிப் பாத்துட்டு, "மொதல்ல என் புர்காவை எடுத்துக் குடுங்க"ன்னா.

ரெண்டையும் அனுப்புனேன். கீழ எழுதுனேன்: "மொதப் படம் அன்னிக்கு நீ பாத்தது. ரெண்டாவது அன்னிக்கு எனக்கு உள்ள இருந்தது. அத்தாவுக்குக் காட்டத் தெரியல."

அவ பாத்துட்டான்னு நீலக் கோடு விழுந்துச்சு. பதில் வரல. அன்னிக்கு வரல, மறுநாளும் வரல. ஏலத்துல உக்காந்து தட்டைப் பாக்காம போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். "என்ன பாய், சரக்கு அதுலயா வருது?"ன்னு பக்கத்துல இருந்த அண்ணன் கேலி பண்ணுனாரு. மூணாம் நாளும் ஒண்ணுமில்ல. காலம் தாண்டிருச்சு, இனி எந்த மூஞ்சியக் காட்டி என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன்.

நாலாம் நாள் காலையில எட்டு மணி இருக்கும். தெருவுல ஆட்டோ வந்து நிக்கிற சத்தம் கேட்டுச்சு. எங்க தெரு மேக்கையும் கெழக்கையும் பாத்து ஓடுற தெரு. எதுத்தாப்புல டீக்கடை, அந்நேரத்துக்கு ஏலத்துக்குப் போற ஆளுங்க நாலஞ்சு பேரு எப்பவும் நிப்பாங்க. நான் சட்டையைப் போட்டும் போடாமலும் வெளிய ஓடுனேன். வாசலைத் தாண்டி மேக்க நின்ன ஆட்டோவுல இருந்து மக எறங்குனா. இந்தத் தடவை ரெண்டு பை. பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு.

எறங்கி என்னையப் பாத்தா. பாத்தவ நின்னுட்டா. ஒரு கையை நெத்தியில வச்சுக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குறா. ஒரு எட்டு முன்னால வைக்கல. இன்னொரு கை பெரிய பையை விடாமப் புடிச்சிருக்கு. ஆட்டோக்காரரு வண்டியை அணைக்கல, திரும்பிப் போறதுன்னாலும் சரிங்கிற மாதிரி அது ஓடிக்கிட்டே இருக்கு. எனக்கு வெளங்கல. அப்புறம் தரையைப் பாத்தேன். என் நெழல் எனக்கு முன்னால நீளமாப் போயி அவ கால் வரைக்கும் கெடக்கு. சூரியன் எனக்கு முதுகுப் பக்கம். நான் அவளுக்கு ஒரு கறுப்பு ஆளாத்தான் தெரியிறேன். அவ தேடி வந்த மூஞ்சி அவளுக்குத் தெரியல.

அந்நேரம் பாத்து நாக்கு மேல எழும்புச்சு. டீக்கடையில அம்புட்டு வியாபாரியும் பாக்குறான். போடா நாயேன்னு நாக்கைக் கீழ எறக்குனேன். அவளைச் சுத்திக்கிட்டு, ஆட்டோவைத் தாண்டி, அந்தப் பக்கம் போயி, கெழக்கே பாத்துத் திரும்பி நடுத்தெருவுல நின்னேன். வெயில் மூஞ்சியில அறைஞ்ச மாதிரி விழுந்துச்சு. கண்ணுல இருந்து தண்ணி கொட்டுது, மூக்கு ஒழுகுது, ஒதடு நிக்க மாட்டேங்குது. டீக்கடையில யாரோ "பாய்... என்னாச்சு பாய்?"ன்னு கிளாஸை வச்சுட்டு எந்திரிக்கிறாரு. நான் தொடைக்கல.

மக கிட்ட வந்தா.

"கண்ணு கூசலையாத்தா?"ன்னா.

"கூசுது தாயி. நீ நல்லாப் பாத்துக்க."

பாத்தா. பாத்துட்டு, பெரிய பையை என் கையில குடுத்துட்டு வீட்டுக்குள்ள போனா.